இருட்டில் வளரும் பாசி

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. அது அடிக்கடி அழுதது. "தாய்ப்பால் போதவில்லை போலிருக்கிறது" என்றார் மாமியார். மகன் டவுனுக்குப் போய் ஒரு பால் பவுடர் டப்பா வாங்கி வந்தான். இரண்டு நாள் கூலி அதற்கே சரியாகப் போய்விட்டது.

மருமகள் எழுத்தறிவு மையத்தில் படிக்கக் கற்றவள். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலை புரிந்தது. மற்றவை ஆங்கிலத்தில் இருந்தன.

மறுநாள் நர்ஸ் வந்தார். டப்பாவில் இருந்ததைப் படித்துச் சொன்னார். பால், எண்ணெய், வைட்டமின் என்று வரிசையாகச் சொல்லி வந்தவர், "பாசி எண்ணெய்" என்றார்.

"பாசியா? குளத்துப் படியில் வழுக்குமே, அதுவா?" மாமியார் பதறினார்.

"அந்த இனந்தான் அம்மா. ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. இருட்டில், சர்க்கரை தின்று வளர்ந்தது."

"வெயில் இல்லாமல் பாசி வளருமா?" என்று கேட்டாள் மருமகள்.

வளரும். எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு வழிகள்

பச்சைப் பாசி செடியைப் போன்றது. வெயில், காற்று, தண்ணீர் இவற்றைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கும்.

குளோரெல்லா என்பது ஒரு நுண்பாசி. 1890ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ரிங்க் இதைத் தனியே பிரித்து வளர்த்தார். இதற்கு இன்னொரு வழியும் தெரியும். தண்ணீரில் குளுக்கோஸ் சர்க்கரை கலந்து கொடுத்தால், இருட்டிலும் அதைத் தின்று வளரும்.

சில கடல் பாசிகளுக்குப் பச்சை நிறமே கிடையாது. அவற்றால் வெயிலில் உணவு தயாரிக்க முடியாது. வெளியிலிருந்து கிடைக்கும் உணவைத் தின்றுதான் அவை வாழும்.

இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். மூடிய பாத்திரத்தில், இருட்டில்தானே அது புளித்துப் பொங்குகிறது? கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவில் உள்ள சத்தைத் தின்று பெருகுகின்றன. பாசியும் அப்படித்தான் சர்க்கரையைத் தின்று பெருகுகிறது.

தொட்டியில் வளர்ப்பு

பாசியை மூடிய எவர்சில்வர் தொட்டியில் வளர்க்கிறார்கள். முதலில் தொட்டியைச் சூடான நீராவியால் சுத்தம் செய்கிறார்கள். அதில் சர்க்கரைத் தண்ணீரும் உப்புச் சத்துகளும் சேர்க்கிறார்கள். ஆறிய பிறகு பாசியை விடுகிறார்கள். அதற்கு மூச்சு விடக் காற்று வேண்டும். ஆகவே சுத்தமான காற்றைச் செலுத்திக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சில நாட்களில் பாசி திக்காகப் பெருகிவிடும். அதைப் பிரித்து, உலர்த்தி, எண்ணெய் எடுக்கிறார்கள்.

குளத்தில் இரவில் வெயில் இல்லை. மேலே உள்ள பாசி அடியில் உள்ளதற்கு நிழலாகிவிடும். தூசியும் பூச்சியும் விழும். தொட்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சர்க்கரைக்கும் மின்சாரத்துக்கும் நிறையச் செலவாகும்.

இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீரில் நோய்க் கிருமிகளும் வேகமாகப் பெருகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சர்க்கரை எங்கிருந்து வந்தது? கரும்பும் சோளமும் வெயிலில் வளர்ந்து சேர்த்து வைத்தது. இருட்டில் வளரும் பாசியும் அந்த வெயிலைத்தான் தின்கிறது.

குழந்தைக்கு எதற்கு?

இந்த எண்ணெயில் டி.எச்.ஏ. என்ற கொழுப்புச் சத்து இருக்கிறது. மூளையிலும் கண்ணிலும் இந்தச் சத்து உண்டு. கடல் மீனுக்கும் இந்தச் சத்து பாசியிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு முதல் பாசி எண்ணெய் சேர்த்த குழந்தைப் பால் பவுடர் விற்பனைக்கு வந்தது. இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது.

"அப்படியானால் நல்லதுதானே?" என்றார் மாமியார்.

"அம்மா, அந்தச் சத்து தாய்ப்பாலிலேயே இருக்கிறது. நோயைத் தடுக்கும் சக்தியும் அதில் இருக்கிறது. அது டப்பாவில் வராது" என்றார் நர்ஸ். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். "தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று இதிலேயே போட்டிருக்கிறது, பாருங்கள். அப்படிப் போட வேண்டும் என்று 1992ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது."

"பால் போதுமா என்று எப்படித் தெரியும்?" மருமகள் மெல்லக் கேட்டாள்.

"குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறது?"

"ஏழு, எட்டுத் தடவை இருக்கும்."

"எடையும் ஒழுங்காக ஏறி வருகிறது. பால் போதும் அம்மா. குழந்தை பசிக்கு மட்டுமா அழும்? கேட்கும்போதெல்லாம் பால் கொடு. குடிக்கக் குடிக்கப் பால் ஊறும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கவே முடியாத குழந்தைக்குத்தான் டப்பாப் பால். அதையும் டாக்டர் சொன்னால்தான் கொடுக்க வேண்டும்."

டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. மாலையில் மகன் அதைக் கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனான்.

யோசித்துப் பேசுங்கள்

1. குளத்துப் பாசிக்கும் தொட்டிப் பாசிக்கும் உணவு எப்படிக் கிடைக்கிறது?
2. இட்லி மாவுக்கும் தொட்டிப் பாசிக்கும் உள்ள ஒற்றுமை என்ன?
3. குழந்தைக்குத் தாய்ப்பால் போதுகிறது என்பதை எப்படி அறியலாம்?