எந்த இடிபாட்டுக்கு முதலில் போவது?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துப் பிள்ளைகள் கூட்டாகச் சேர்ந்து எங்காவது கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. கடற்கரை, பேரங்காடி என்றில்லாமல் பழைய கோயில், கோட்டை என்று தேடுகிறார்கள், நல்ல சேதிதான். ஆனால் இடத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்த்தால், பாதிப் பேருக்கு டிக்டாக், மீதிப் பேருக்கு அம்மா. “பக்கத்து வீட்டுப் பிள்ள அங்கோர் போயிட்டு வந்திருச்சு சார், எம்மவளுக்கு மட்டும் என்ன கொறச்சலு?” என்று ஒரு தாயார் என்னிடமே கேட்டார். லயத்தில் பிறந்து, பால்மரக் காட்டில் வளர்ந்தவர். மகள் உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுவது நியாயம். அங்கே போய் மகள் எதைப் பார்க்கப் போகிறாள் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

மலாக்கா நகரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? 1511-இல் வந்த போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டையில் மிஞ்சியது ஒரு வாசல். அதன் நெற்றியில் 1670 என்று பொறித்து நிற்பதோ டச்சுக்காரர் சின்னம். குன்றின் மேலே செயின்ட் பால் தேவாலயச் சுவர்கள். பள்ளிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது. மறுபடியும் போவதானால் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகரையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

அங்கோர் வாட் விஷயத்துக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன் கட்டியது. தமிழன் கட்டினான் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, பெருமைப்படுவதற்காகவே பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பெருமை அங்கே கிடைக்காது. கிடைப்பது சியாம் ரீப் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள புது விமான நிலையம், ஒரு நாளைக்கு 37 அமெரிக்க டாலர் நுழைவுச்சீட்டு, விடியலுக்கு முன்பே குளக்கரையில் முண்டியடிக்கும் கூட்டம். கோயில் மேற்கு பார்த்தது. அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும். அந்த ஒரு படத்துக்காகத்தான் இத்தனை பாடும். படம் எடுத்ததும் பாதிப் பேர் பசியாறக் கிளம்பிவிடுகிறார்கள்.

உள்ளே கிழக்குத் திருச்சுற்றில், ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி இருக்கிறது. 88 தேவர்கள் ஒரு பக்கம், 92 அசுரர்கள் மறு பக்கம், கையில் வாசுகி. இந்தக் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்ட பிள்ளை அந்தச் சுவரின் முன் ஒரு மணி நேரம் நிற்கலாம். பேக்கேஜில் போனவர்கள் பத்து நிமிடம் நின்றால் அதிகம். வழிகாட்டி கொடியை ஆட்டிக்கொண்டு அடுத்த கோயிலுக்கு நடப்பார். அங்கே அவர் ஆட்டிய கொடியைவிட நினைவில் நிற்கும் வேறொன்றைச் சொன்ன மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் ஒன்றை மறந்துவிட வேண்டாம்: உச்சியிலுள்ள பாக்கான் மேடைக்குப் பன்னிரண்டு வயதுக்குக் கீழானவர்களை ஏற விடமாட்டார்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். தம்பி தங்கைகளைக் கீழே யாரிடம் விடுவது என்று அங்கே போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை.

எங்கள் கடாரம் இப்படிப் பளபளக்காது. கெடாவில் ஜெராய் மலை அடிவாரம், மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கு. புலாவ் செபாங்கில் ரயில் ஏறினால் சுங்கை பட்டாணியில் இறங்கலாம். அங்கிருந்து வாடகைக் கார். புக்கிட் பத்து பஹாட் சண்டியை, அதாவது பழங்கோயிலை, 1936-37-இல் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் தோண்டினார்கள். 1960 வாக்கில் அது திரும்ப அடுக்கி நிறுத்தப்பட்டது. கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை. ஓடை ஓரத்தில் கருங்கல் விமானத்தின் அடிப்பகுதி, அதற்கு முன்னால் மண்டபத் தரை, தரையில் மரத்தூண்களைத் தாங்கிய கல்லடிகள் வரிசையாக. தூணும் கூரையும் மழையில் எப்போதோ போய்விட்டன. குந்தி உட்கார்ந்து அந்தக் கல்லடியில் கை வைத்துப் பாருங்கள். தூண் எவ்வளவு தடிமன், கூரை எப்படிச் சரிந்திருக்கும் என்று மனத்திலேயே கோயிலைக் கட்டத் தொடங்கிவிடுவீர்கள். பக்கத்து அருங்காட்சியகத்தில் ஆவுடையார், விளக்கு, மணி, சீனப் பீங்கான் எல்லாம் சேர்ந்து கிடக்கும். இது வியாபாரிகள் வந்துபோன துறைமுகம் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

1025-இல் இராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்ததைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் இந்தச் சண்டியை அவன் கட்டினான் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. சொல்லாததை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றுவதற்கே ஆளில்லை: 11-ஆம் எண் சண்டியை வீட்டுமனைக்காக இடித்துத் தள்ளிய செய்தி 2013-இல் வந்து நாடே திகைத்தது. பிள்ளைகள் சீக்கிரம் போய்ப் பார்ப்பது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவுக்கு வழியில்லையா? மலாக்கா எல்லையைத் தாண்டியதும் லிங்கி ஆற்றுப் பக்கம் பெங்காலான் கெம்பாஸ் இருக்கிறது. வாள், சுக்கான், கரண்டி என்று ஊரார் பெயர் வைத்த நெடுங்கற்கள், அருகே 1467-ஆம் ஆண்டைச் சேர்ந்த அகமது மஜ்னுன் கல்லறைக் கல்வெட்டு, ஒரே இடத்தில் இரண்டு எழுத்துமுறை. துளையிட்ட கல் ஒன்றும் உண்டு. பொய் சொல்கிறவன் கையை விட்டால் இறுக்கிக்கொள்ளுமாம். எந்த வகுப்பையும் அங்கே கூட்டிப் போங்கள், யார் முதலில் கை விடுவது என்பதில் ஒரு பாடம் நடந்துவிடும். அலோர் காஜா வட்டாரத்திலும் இத்தகைய கற்கள் நிற்கின்றன. வளரும் கற்கள் என்று மலாய்க்காரர்கள் நம்புவார்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகிற குடும்பம் என்றால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலோடு மாளிகைமேட்டுச் செங்கல் அடித்தளத்தையும் பார்க்கட்டும். கடாரம் கொண்டவன் வீடு அதுதான்.

ஒரு மாணவன் மெக்சிகோவின் எல் தாஹின் படத்தைக் காட்டி, அங்கேதான் போக வேண்டும் என்றான். தொத்தோனாக் மக்களின் பூமி. மாடங்கள் 365 கொண்ட பிரமிடு. தாராளமாகப் போகலாம், வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பிறகு. அதுவரை அந்த மாடங்களை எண்ணத் தெரிந்த கண் வேண்டுமே. சில பிள்ளைகளுக்குக் கட்டடம் பிடிக்கும், சிலருக்கு எழுத்து, சிலருக்கு ஊர்க்கதை. எது பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கல்லின் முன்னால் பொறுமையாக நின்று பழக வேண்டும். பெற்றோர் அதற்கு அவகாசம் கொடுங்கள். பக்கத்து வீட்டு ஆல்பத்தைப் பார்த்து அவசரப்படுத்தாதீர்கள். நின்று பழகிய பிள்ளைக்கு அங்கோர் பிறகு எங்கும் ஓடிவிடாது.

கெடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். நம் ஊர்க் கணக்கில் சனிக்கிழமை போனால் உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஞாயிறு காலையில் போங்கள், காலணியைக் கழற்ற வசதியானதாக அணியுங்கள், மழைக்குப் பிறகு படிகள் வழுக்கும்.