முடங்கிய கைகளை நிமிர்த்திய வைத்தியர்

தராசு பிடிக்கவும், காசு எண்ணவும், உளூச் செய்யவும், துஆவுக்கு ஏந்தவும் அல்லாஹ் நமக்குக் கைகளைத் தந்திருக்கிறான். அக்கை முடங்கிவிட்டால் அதைச் சீர்செய்வதற்கென்றே ரணசிகிச்சையில் ஒரு தனிப் பிரிவு உண்டு. அதில் பெயர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் உழைத்தது நம் தமிழகத்து வேலூரில்தான்.

பாதிரி குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேயர் அவர். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். லண்டனில் வைத்தியம் கற்று 1946-ல் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். வந்த சிறிது காலத்தில் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்வையிட்டபோது, விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டருக்கு வலித்துவிட்டது! செத்த கை என்று எல்லோரும் கைவிட்ட கையில் இத்தனை பலம் எங்கிருந்து வந்தது?

முழங்கையின் பின்புறம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை 'சுரீர்' என்கிறதல்லவா? அந்த நரம்பைத்தான் இந்நோய் கெடுக்கிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலற்று, விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. முன்கையின் பெரிய தசைகளோ பழுதின்றி இருக்கின்றன. விரலை மடக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டு தசைநாண்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து, நான்காகப் பிளந்து, உள்ளங்கை வழியே செலுத்தி நான்கு விரல்களிலும் தைத்தால் விரல்கள் நிமிரும். பிராண்டு இம்முறையை வேலூர் நோயாளிகளுக்குச் செய்தார். கட்டுப் பிரித்த பின், மடக்குவதற்கு இருந்த தசையைக் கொண்டு நிமிர்த்தப் பழகவேண்டும். பொறுமையான வேலை.

ஆனால் உணர்ச்சியை எந்தக் கத்தியாலும் திருப்பித் தர இயலவில்லை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்பது தவறான எண்ணம். சுடுவதும் வெட்டுவதும் தெரியாததால் புண்ணாகி, அப்புண் ஆறாமல் குறைகின்றன. தூங்கும்போது எலி கடித்தும் தெரியாதவர்கள் உண்டு. அதற்காகவே வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பினார்களாம். நம்மவர் பலருக்குள்ள சர்க்கரை வியாதியிலும் பாதம் மரத்துப் புண்ணாவது இப்படித்தான்.

இன்னொரு தொல்லையும் எழுந்தது. கை நேரானவர்களுக்குப் பிச்சையும் கிடைக்கவில்லை, பழைய நோயாளி என்று வேலையும் கிடைக்கவில்லை! ஆகவே 'நவஜீவ நிலையம்' அமைத்துத் தச்சு முதலிய தொழில்களைக் கற்றுக்கொடுத்தார். 1966-ல் அமெரிக்காவுக்குச் சென்றவர் 2003-ல் காலமானார்.

1980-களிலிருந்து கூட்டு மருந்தால் இந்நோய் முற்றிலும் குணமாகிறது. மருந்து தொடங்கிய சிறிது நாளிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடும். ஆனால் வளைந்த விரல் மருந்தால் நிமிராது. ஆகவே நோய் போனபின்னும் பார்ப்பவர் ஒதுங்குகிறார்கள். அப்படியொருவர் நம் கடைக்கு வேலை கேட்டு வந்தால், அடுப்பங்கரையும் கத்தியும் வேண்டாம். கணக்கு எழுதவோ, கல்லாவில் உட்காரவோ, சரக்கு அடுக்கவோ அவரால் தாராளமாக முடியும்.