மழைக்கு முன் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: ராஜபாளையத்தில் முடங்கியார் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டைச் சுற்றித் தென்னையும் மாவும் நிற்கின்றன. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியிலேயே இன்ஷூரன்ஸ் போட்டார்கள். போன வருடம் கடன் முடிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் கார் வாங்கினோம், ஷோரூமில் மூன்று வருட இன்ஷூரன்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறார். அங்கே பின்கட்டில் தம்பி பால்கோவா கிண்டி விற்கிறான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் நாங்கள் புதிதாக ஏதாவது எடுக்க வேண்டுமா, இருப்பதே போதுமா?
- வாசகர், ராஜபாளையம்

பதில்: இருப்பது போதாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு வீடுகளுக்கும் இன்று பாதுகாப்பே இல்லை என்றுதான் தோன்றுகிறது. காருக்கும் பாதிதான் இருக்கக்கூடும்.

காரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் பலரும் ஏமாந்து நிற்கிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று வருடம், இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து வருடம் தர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்குத்தான் அந்தப் பணம். உங்கள் காரில் தண்ணீர் புகுந்தாலும் தென்னை விழுந்தாலும் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அதற்கு ‘ஓன் டேமேஜ்’ என்ற பகுதி வேண்டும். ஷோரூமில் தரும் பாலிசியில் பெரும்பாலும் அது ஒரு வருடத்துக்கு மட்டுமே இருக்கும். ஒரே தாளில் இரண்டு காலக்கெடுவும் அச்சாகியிருக்கும். நம் கண்ணில் படுவது அந்த ‘மூன்று வருடம்’ மட்டும்தான். உங்கள் பாலிசியை எடுத்து ‘ஓன் டேமேஜ்’ முடியும் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியாக வாங்கலாம். விட்டுப்போன பாலிசி என்பதால் வண்டியை நேரில் பார்த்தோ படம் வாங்கியோ சோதித்த பிறகே தருவார்கள். முடிந்து 90 நாள் தாண்டியிருந்தால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ தள்ளுபடியும் போயிருக்கும்.

வாங்கும்போது என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கையை விடாதீர்கள். உங்கள் தெருவுக்கு அது அவசியம். நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்து சீட்டும் வயரிங்கும் கெட்டால் சாதாரண ஓன் டேமேஜ் பாலிசியே பணம் தரும். தண்ணீர் இறங்கியதும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பினால் என்ஜின் தண்ணீரை உறிஞ்சி, பிஸ்டன் நகர முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல, ஓட்டியவர் செய்ததன் விளைவு என்று நிறுவனம் கைவிரிக்கும். என்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவு சிறிய காருக்கே லட்சத்தைத் தொடக்கூடும். ஆகவே மூழ்கிய வண்டியைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். கூடுதல் சேர்க்கை வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

அடுத்து ராஜபாளையம் வீடு. வங்கி போட்ட பாலிசி பெரும்பாலும் கடன் தொகைக்கு, கட்டடத்துக்கு மட்டும் இருந்திருக்கும். கடனோடு அதுவும் முடிந்திருக்கும். வங்கியில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, ‘பாரத் கிரிஹ ரக்ஷா’ பாலிசி எடுங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே அடிப்படை விதிகளோடு தர வேண்டிய வீட்டுப் பாலிசி இது. தீ, புயல், வெள்ளம், இடி, நிலச்சரிவு, மரம் விழுதல், தண்ணீர்த் தொட்டி உடைதல் எல்லாம் இதில் அடங்கும். மனை விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கட்டடப் பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சத்துக்கு, வீட்டுச் சாமான்களுக்கும் பாதுகாப்பு தானாகவே சேரும் (உச்ச வரம்பு 10 லட்சம்). நகைக்குத் தனியாகச் சொல்லி எடுக்க வேண்டும். கார் பிரீமியத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சிறு தொகைதான்.

தராதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பீரோவில் நனைந்துபோன ரூபாய் நோட்டு, பத்திரம் ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடையாது. போர்ட்டிகோவில் நிற்கும் கார் வீட்டுப் பாலிசியில் வராது. தென்னை சாய்ந்து இரண்டும் நசுங்கினால் போர்ட்டிகோவுக்கு வீட்டுப் பாலிசியிலும் காருக்குக் கார் பாலிசியிலும் கேட்க வேண்டும். இடி இறங்கி கரன்ட் ஏறியதில் டிவி, ஃப்ரிட்ஜ் எரிந்துபோனால் அந்தச் சாதனத்துக்கு இந்தப் பாலிசி பணம் தராது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால்தான் அவற்றுக்குத் தரும். மலையடிவாரத்து இடி மின்னலைப் பார்த்தவர்கள் வானம் இருட்டும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது.

அம்மா வீட்டு விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பின்கட்டில் தொழில் நடப்பதை மறைத்துக் குடியிருப்புப் பாலிசி எடுக்காதீர்கள். அடுப்பிலிருந்து தீப்பிடித்தால் முதல் கேள்வியே அதுதான் வரும். அப்போது மொத்தக் கிளெய்மும் நிராகரிக்கப்படலாம். வீட்டை ‘கிரிஹ ரக்ஷா’விலும், அடுப்பு, பாத்திரம், சரக்கு ஆகியவற்றைச் சிறு தொழிலுக்கான ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’விலும் தனித்தனியாக எடுக்க முடியுமா என்று நிறுவனத்தில் கேளுங்கள். சத்திரப்பட்டியில் வீட்டுக்குள்ளேயே பேண்டேஜ் தறி ஓட்டுகிறவர்களுக்கும் இதுதான் பதில். ஓட்டுக் கூரை என்பதையும், ஓலைக் கொட்டகை இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். வீடு அம்மா பெயரில் இருந்தால் பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும். வருடக்கணக்காக ஓடு விலகி ஒழுகி ஊறிய சுவரை எந்தப் பாலிசியும் ஏற்காது. அந்த ஓடுகளை இப்போதே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு தேவையா என்று சிலருக்குத் தோன்றலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருடத்தில் அங்கே பெய்வதைவிட அது அதிகம். தூத்துக்குடி மாவட்டம் உங்கள் விருதுநகர் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. சில நாள் சாப்பாட்டுக்கு அது பேருதவி. இடிந்த சுவரை அதை வைத்து எழுப்ப முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை ஓடைகளில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது சதுரகிரி போய்வந்த எல்லோருக்கும் தெரியும்.

சேதம் வந்துவிட்டால், தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி படம் எடுத்து, அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும்வரை கெட்டுப்போன சாமானைத் தூக்கி எறியாதீர்கள். வண்டியை மெக்கானிக் பிரிக்க விடாதீர்கள். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.