இன்று எத்தனை குவளை தண்ணீர் குடித்தீர்கள்?

மூத்த குடிமக்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும்

"தாகம் எடுத்தால் குடித்துக்கொள்கிறேன்" என்று பலர் சொல்வதுண்டு. நாற்பது வயதில் இது போதும். அறுபத்தைந்து, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு இது போதாது. வயது ஏற ஏற, தண்ணீர் குறைந்துவிட்டது என்று மூளை அனுப்பும் செய்தி பலவீனமாகிறது. உடல் வறண்டிருந்தாலும் நாக்கு தண்ணீர் கேட்காது. சிறுநீரகமும் தண்ணீரை முன்புபோல் மிச்சப்படுத்தாது. இளவயதில் உடல் எடையில் சுமார் 60 விழுக்காடு தண்ணீராக இருக்கும். முதுமையில் அது ஏறக்குறைய 50 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கையிருப்பு குறைவாக உள்ளவருக்குச் சிறிய செலவும் பாரம்தான். தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான்.

ஆகவே தாகத்தை நம்பாமல் எண்ணிக்கையை நம்புங்கள். இந்தப் பாடம் அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறது.

உங்கள் குவளை எவ்வளவு கொள்ளும்?

மலேசிய உணவு வழிகாட்டி, பெரியவர்கள் நாளொன்றுக்கு 6 முதல் 8 குவளை தண்ணீர் குடிக்கும்படி கூறுகிறது. ஒரு குவளை என்பது 250 மில்லிலிட்டர். மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்.

ஆனால் உங்கள் வீட்டுக் குவளை 250 மில்லிலிட்டர் கொள்ளுமா? காப்பி குடிக்கும் சிறிய எவர்சில்வர் டம்ளர் 150 மில்லிலிட்டர்தான் இருக்கலாம். பெரிய பிளாஸ்டிக் மக் 400 மில்லிலிட்டர் கொள்ளலாம். "ஆறு டம்ளர் குடித்தேன்" என்று இருவர் சொன்னாலும், இருவர் குடித்த அளவும் ஒன்றல்ல. ஒருமுறை அளந்துவிடுங்கள். கடையில் வாங்கிய 500 மில்லிலிட்டர் குடிநீர் போத்தல் ஒன்று போதும். அதில் தண்ணீர் நிரப்பி உங்கள் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். சரியாக இரண்டு முறை நிரம்பினால் அது 250. மூன்று முறைக்கு மேல் நிரம்பினால் உங்கள் டம்ளர் சிறியது. எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மூன்று நாளுக்கு எதையும் மாற்றாமல் வழக்கம்போல் குடியுங்கள். குடித்ததை மட்டும் குறித்துவையுங்கள். கைப்பேசிச் செயலி தேவையில்லை. பல வீடுகளில் குதிரைப் பந்தய நாள் குறித்த பெரிய கட்ட நாட்காட்டி சுவரில் தொங்குகிறது. அன்றைய தேதிக் கட்டத்தில், ஒரு குவளைக்கு ஒரு கோடு. பேனாவை நூலில் கட்டி அதன் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். பேனா தேடி எடுக்க வேண்டியிருந்தால் இரண்டாம் நாளே கணக்கு நின்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஓர் அம்மையார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் காப்பி 150 மில்லிலிட்டர். மாத்திரை விழுங்க இரண்டு மிடறு, 50. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைக் குவளைக்கும் குறைவு, 100. மாலைத் தேநீர் 150. இரவு மாத்திரையோடு 100. "நாள் முழுக்க ஏதாவது குடித்துக்கொண்டேதான் இருக்கிறேன்" என்று அவர் நினைக்கலாம். கூட்டினால் 550 மில்லிலிட்டர். அதில் வெறும் தண்ணீர் 250, அதாவது ஒரே ஒரு குவளை. இது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

காப்பி, தேநீர் கணக்கில் சேருமா? அவையும் உடலுக்கு நீர் தருகின்றன. ரசம், கஞ்சி, தர்ப்பூசணி ஆகியவையும் தருகின்றன. ஆனால் குவளைக் கணக்கை வெறும் தண்ணீரைக் கொண்டு நிரப்புவதே நல்லது. நம் தே தாரிக்கில் இனிப்புப் பால் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் தாகத்தைத் தீர்க்க அதைக் குடித்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும். உடல் மேலும் வறளும். உணவுக் கடையில் "ஆயர் சுவாம்" என்று கேட்டால் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் கொடுப்பார்கள். தேநீர்தான் வேண்டும் என்றால் "தே ஓ கொசோங்" கேளுங்கள். பாலும் சர்க்கரையும் இருக்காது.

குடிக்காமல் இருப்பதன் உண்மைக் காரணம்

பெரும்பாலும் மறதி மட்டும் காரணமல்ல. முட்டி வலியோடு அடிக்கடி கழிப்பறைக்கு எழுந்து போக முடியவில்லை. இரவில் விழுந்துவிடுவோமோ என்ற பயம். வெளியே போனால் அடக்க முடியாமல் போய்விடுமோ என்ற கூச்சம். இதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை, தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம்.

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் தண்ணீரைக் குறைப்பதால் அது தீர்வதில்லை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும். அவசர உணர்வு இன்னும் கூடும். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வர வாய்ப்பு அதிகம். எழும்போது தலைசுற்றி விழுவதற்கும் உடல் வறட்சி ஒரு காரணம். எதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தோமோ, அதுவே வந்து சேரும்.

நேரத்தை மாற்றிப் பாருங்கள். எழுந்ததும் ஒரு குவளை, பசியாறும்போது ஒன்று, பத்து மணிவாக்கில் ஒன்று, மதியம் ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, இரவு உணவுக்கு முன் ஒன்று. ஆறு ஆகிவிட்டது. படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மாத்திரைக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளியே கிளம்பினால் கழிப்பறை எங்கே உள்ளது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலில் வருவோர் கே.எல். சென்ட்ரலிலேயே முடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடக்கலாம். இரவில் இரண்டு மூன்று முறைக்கு மேல் எழ வேண்டியிருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். புரோஸ்டேட் வீக்கம், தொற்று, கட்டுப்படாத சர்க்கரை என்று சிகிச்சை உள்ள காரணங்கள் பல உண்டு. "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்: ஒன்றரை லிட்டர் போத்தலை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவதால் பயனில்லை. விரல் மூட்டு வலி உள்ளவருக்கு அந்த மூடியைத் திறக்கவே முடியாது. கைப்பிடி உள்ள குவளையில், தூக்கக்கூடிய அளவு ஊற்றி, அவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

எட்டுக் குவளை எல்லாருக்கும் பொருந்தாது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இதயம் பலவீனமாக உள்ளவர்கள், சிறுநீரக நோய் முற்றியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் ஆகியோருக்கு அதிகத் தண்ணீர் ஆபத்தாகலாம். காலில் வீக்கம், மூச்சுத்திணறல் வரும். மருத்துவர் உங்களுக்கு ஓர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் அளவு. மேலே சொன்ன 6 முதல் 8 குவளை உங்களுக்கானதல்ல.

இவர்களும் கணக்கு வைக்க வேண்டும், ஆனால் தலைகீழாக. ஒரு நாளுக்கு அனுமதித்த தண்ணீரைக் காலையிலேயே ஒரு போத்தலில் ஊற்றிவையுங்கள். தண்ணீரை அதிலிருந்தே குடியுங்கள். காப்பி, ரசம், கஞ்சி என்று வேறு எது எடுத்தாலும் அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து வெளியே ஊற்றிவிடுங்கள். போத்தல் காலியானால் அன்றைய அளவு முடிந்தது. இதய நோயாளிகள் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுமுன் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால், அது சாப்பாட்டால் கூடிய எடையல்ல. உடலில் தேங்கிய நீராக இருக்கலாம். கிளினிக்கைத் தொடர்புகொள்ளுங்கள். பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் ஆகாது.

சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள், வெளியே போக வேண்டும் என்பதற்காக அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. எந்த நேரத்தில் எடுத்தால் வசதி என்று மருந்தகரிடம் கேட்கலாம்.

வெயில், விரதம், தண்ணீர்த் தடை

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் அதிகம். வியர்வை சீக்கிரம் காய்வதில்லை. உடல் குளிர்வதும் தாமதமாகிறது. தொடர்ந்து மூன்று நாள் வெப்பம் 35 பாகையைத் தொட்டால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். அந்நாள்களில் ஒன்றிரண்டு குவளை கூட்டிக்கொள்ளுங்கள். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

தைப்பூசத்தில் நகரத்து மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்கு நடந்து, 272 படிகளும் ஏறுவோர் உண்டு. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். அங்கே தரும் சர்பத்தை வாங்கிக்கொண்டு போவதோடு வெறும் தண்ணீரும் கேட்டுக் குடியுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் விரதம் தொடங்குமுன் கிளினிக்கில் பேசிவிடுவது அவசியம்.

2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசடைந்து, நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டு, கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் குழாய்கள் வறண்டதை மறந்திருக்க மாட்டோம். இத்தகைய நாள்களில் கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லையே என்று குடிப்பதைக் குறைத்துக்கொள்ளத் தோன்றும். குடிநீரை வாளித் தண்ணீரோடு சேர்க்காமல், ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர் வீதம் மூடிய பாத்திரத்தில் தனியே எடுத்துவையுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பது நல்லது. கரும் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் கவனம் தேவை. வைட்டமின் பி மாத்திரையும் நிறத்தை மாற்றும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்க்கும் பழைய சோதனையும் முதுமையில் உதவாது. தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்றால் நீர் வேகமாக இறங்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அந்நாள்களில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். அன்றே கிளினிக்கைக் கேளுங்கள். திடீரென்று பேச்சு குழறினாலும், இருக்கும் இடம் தெரியாமல் குழம்பினாலும், எழுப்ப முடியாத தூக்கத்தில் இருந்தாலும் 999 எண்ணை அழையுங்கள். மயங்கிய நிலையில் உள்ளவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்த நாட்காட்டித் தாளைக் கிழித்து எடுத்துச் செல்லுங்கள். மலாயில் விளக்கத் தயங்குகிறவர்களுக்கு இரண்டு சொற்கள் போதும்: தலைசுற்றலுக்கு "பெனிங்", தண்ணீர் குறைவாகக் குடிப்பதற்கு "கூராங் மினும் ஆயர்". கோடுகளை எண்ணிப் பார்க்க மருத்துவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.