வீட்டுக்குப் போகணும்

அன்புள்ள கண்ணு,

முப்பது வருசமாக நடந்த தெருவில் அப்பாருக்கு எப்படி வழி தவறும் என்று கேட்டிருந்தாய். ராத்திரி பத்து மணிக்கு அவரைக் கண்டதும் ஆத்திரத்தில் கத்திவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். பயந்து தேடியவன் கத்தத்தான் செய்வான், அதற்காகக் கலங்காதே. ஆனால் உன் கேள்விக்குப் பதில் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூளையில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் அந்தப் பகுதியிலுள்ள ஒரு செல் துடிப்பதை 1971-இல் ஜான் ஓ'கீஃப் எழுதினார். அதை ஒட்டிய என்டோரைனல் புறணியில், எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்கு வைக்க உதவும் செல்களை 2005-இல் நார்வேயின் மோசர் தம்பதி கண்டார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆல்சைமர் நோய் முதலில் கை வைப்பது பெரும்பாலும் இந்தப் புறணியில்தான். அதனால்தான் பேரன் பெயரும் பழைய கதையும் நினைவில் இருக்கும்போதே சிலருக்கு வழி தப்புகிறது.

பழகிய வழியில் கால் தானாகப் போகும். அன்றைக்குச் சாக்கடை வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பால் வாங்கியவர் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. சுற்றி வர மனசுக்குள் ஊரின் படம் வேண்டும். அவருக்கு அது கலைந்துவிட்டது. மீதியிருந்தது பழைய படம். அதனால்தான் மூடிக் கிடக்கும் மில் வாசலில், கக்கத்தில் குடையும் கையில் பால் பாக்கெட்டுமாக உட்கார்ந்திருந்தார். "ஷிப்டுக்கு நேரமாச்சு, கேட்டைத் திறக்க மாட்டேங்கறாங்க" என்றாராமே. எனக்கு அதைப் படித்து அழுகை வந்துவிட்டது.

புது ஊரில் தடுமாறுவது எந்த வயசாளிக்கும் உள்ளதுதான். பழகின தெரு புதுசாகத் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் இன்னும் அவசரம். சிறுநீர்த் தொற்றுகூட அப்படிச் செய்யும், அதற்கு மருந்து உண்டு.

சாயங்காலமானால் வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்கிறாராம். "இதுதானே வீடு" என்று வாதாடாதே. பசியா, பாத்ரூம் போகவேண்டுமா, வெளிச்சம் மங்கியதில் பயமா என்று பார். எந்த வீடு என்று கேள், அவர் சொல்லட்டும். பேச்சில் மனசு தணியும்.

அவர் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு சட்டையிலும் உள்பக்கம் உன் அப்பாவின் போன் நம்பரைத் தைத்து வை. புதுசாக எடுத்த போட்டோ ஒன்று எல்லாரிடமும் இருக்கட்டும். மறுபடி காணவில்லையென்றால் தாமதிக்காமல் 112-க்குச் சொல்லுங்கள். வீட்டு மூலைமுடுக்கு, அக்கம்பக்கம், பிறகு மில், பழைய வீடு, கோயில் என்று தேடுங்கள். முதியோருக்கான 14567-இல் ஆலோசனையும் கிடைக்கும்.

கதவைப் பூட்டி உள்ளே மட்டும் வைக்காதீர்கள். உழைத்த கால், நடக்காமல் இருக்காது. நாளைக்குப் பால் வாங்க அவரோடு நீயும் போ, கண்ணு. ஒரு எட்டுப் பின்னால் நட.

அன்புடன்,
அத்தை