வெளிநாட்டில் பிறந்த பிள்ளையோடு ஊர் திரும்புகிறீர்களா?

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன இலங்கைப் பெண்கள் சிலர் கைக்குழந்தையோடு திரும்புகிறார்கள். "தகப்பன் யார்?" என்றுதான் ஊர் முதலில் கேட்கும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளையின் பத்திரங்களை இன்றே சரிபண்ணத் தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• ஆஸ்பத்திரி தந்த ஒவ்வொரு துண்டையும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை உங்களுடையது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

• அங்கே இருக்கும்போதே இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதியுங்கள். வளைகுடாவில் பிறந்ததற்காக அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காது.

• ஒரு வருடத்துக்குள் பதிவை முடியுங்கள். பிந்திவிட்டால் பத்தரமுல்லை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் காரணத்தோடு விண்ணப்பியுங்கள். சட்டம் இடம் தருகிறது.

• தாய்வழிக் குடியுரிமையைக் கேளுங்கள். 2003 சட்டத் திருத்தத்தின்படி தாய் இலங்கையராக இருந்தால் போதும்.

• தகப்பன் இலங்கையில் இருந்தால் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேளுங்கள். 1999 தாபரிப்புச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமையைத் தருகிறது.

• பள்ளிக்கூடம் சேர்க்க மறுத்தால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். இப்படிப்பட்ட முறைப்பாட்டைக் கேட்பதுதான் அவர் வேலை.

• பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் உடனே 1929-க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

செய்யக்கூடாதவை

• இல்லாத தகப்பன் பெயரை எழுதாதீர்கள். அக்காவின் பிள்ளை என்றும் பதியாதீர்கள். ஒரு பொய் பின்னால் வரும் எல்லாப் பத்திரத்தையும் சிக்கலாக்கும்.

• தரகர் கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாத தத்து செல்லாது.

• குவைத்திலோ சவூதியிலோ தனியாகப் பொலிஸுக்குப் போகாதீர்கள். திருமணமின்றிப் பிள்ளை பெற்றால் அங்கே சிறைக்குப் போக நேரலாம். முதலில் தூதரகத்தோடு பேசுங்கள்.

• விளங்காத அரபுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருக்கலாம்.

• பிறப்பின் கதையைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். வயதுக்கேற்ப நீங்களே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது வகுப்பில் கேலியாகக் காதில் விழும்.

• உறவினர்களே, பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள், அதன் காதுபடத் தாயை ஏசாதீர்கள். பிள்ளை அதைத் தன் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும்.

பெயரும் நாட்டுரிமையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு என்று சொல்லும் ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991-லேயே ஏற்றுக்கொண்டது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல, உங்கள் பிள்ளையின் உரிமை. தலைநிமிர்ந்து போய்க் கேளுங்கள்.