சிலுவையடியில் யாரும் இல்லை

கேள்வி: மார்க் ஷகாலின் 'வெள்ளைச் சிலுவைப்பாடு' ஓவியத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். எங்கள் கோயில் சிலுவைப்பாதைப் படங்களில் உள்ள முள்முடி இதில் இல்லை. சிலுவையடியில் மாதாவும் இல்லை. வரைந்தவர் ஒரு யூதர் என்கிறார்கள். இது நம் விசுவாசத்தைப் புண்படுத்தும் படமா?

பதில்: இல்லை, சகோதரி. நாம் மறந்துவிட்ட ஒன்றை அது நினைவூட்டுகிறது. இயேசு யூதராகப் பிறந்தவர், யூதராகவே இறந்தவர்.

அவர் இடுப்பைப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட அந்தத் துணி, யூத ஆண்கள் செபிக்கும்போது போர்த்திக்கொள்ளும் தாலித். முள்முடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தலைத்துணி. மேலே வானதூதர்களுக்குப் பதிலாக யூத முன்னோர்கள் மிதந்தபடி புலம்புகிறார்கள்.

வரைந்த ஆண்டு 1938. அந்த ஜூனில் மியூனிக்கிலும் ஆகஸ்டில் நூரெம்பெர்க்கிலும் யூதத் தொழுகைக்கூடங்களை நாஜிகள் இடித்தார்கள். நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுவதும் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. அப்போது பிரான்சில் இருந்த ஷகால் அந்த நெருப்பைச் சிலுவையைச் சுற்றி வைத்தார். வலப்பக்கம் தொழுகைக்கூடம் எரிகிறது. இடப்பக்கம் வீடுகள் தலைகீழாகக் கிடக்க, அகதிகள் நிறைந்த படகு ஒன்று தத்தளிக்கிறது. ஒருவர் யூதத் திருநூலான தோரா சுருளை அணைத்துக்கொண்டு ஓடுகிறார். கீழே ஒரு கிழவரின் மார்பில் தொங்கும் பலகையில் முதலில் 'நான் யூதன்' என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. பிறகு ஷகாலே அதை மறைத்துவிட்டார்.

இதில் என்னை உலுக்குவது வேறொன்று. கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குச் சிலுவை அச்சம் தந்த சின்னம். 1903இல் கிஷினேவ் நகரில் யூதர் படுகொலை தொடங்கியதே உயிர்ப்பு ஞாயிறன்றுதான். அப்போது விட்டெப்ஸ்க் நகரில் வளர்ந்துகொண்டிருந்த ஷகாலுக்கு வயது பதினைந்து. தம் மக்களை அடித்தவர்கள் கும்பிட்ட அதே சிலுவையைத் தம் மக்களின் துயரத்தைச் சொல்ல எடுத்துக்கொண்டார். அதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

நிறத்தையும் கவனியுங்கள். இயேசு இறந்தபோது நண்பகலில் இருள் சூழ்ந்தது என்கிறது நற்செய்தி. பழைய ஓவியர்கள் வானத்தைக் கறுப்பாக்கினார்கள். ஷகாலோ அதைச் சாம்பல் படிந்த வெள்ளையாக விட்டுவிட்டார். மேலிருந்து ஓர் ஒளிக்கற்றை அந்த உடல்மீது விழுகிறது. ஆனால் உயிர்த்தெழுதல் வரும் என்ற ஆறுதலை இந்தப் படத்தில் நான் காணவில்லை. ஏணி சாய்ந்திருக்கிறது, உடலை இறக்க ஆளில்லை. அவரவர் உயிரைக் காக்க ஓடுகிறார்கள். காலடியில் மெழுகுத்திரிகள் எரியும் யூத விளக்குத்தண்டு மட்டுமே நிற்கிறது.

மூல ஓவியம் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் தமக்கு மிகப் பிடித்த ஓவியங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார்.

மாதா இல்லை என்கிறீர்கள். படத்தின் கீழ் விளிம்பில், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நம்மை நோக்கி ஒரு தாய் வருகிறாள். புத்தகத்தை மறுபடி திறக்கும்போது முதலில் அவளைப் பாருங்கள்.